போர்டிகோவில் ஒரு ரேஸ் கார்: எங்கெங்கே தப்பு நடந்தது

2018 ஆகஸ்டில் நான் வீட்டில் சொன்ன கணக்கு இது: ஒன்றரை வருஷம், இரண்டு லட்சம் ரூபாய், போர்டிகோவில் பாதி இடம். வண்டி சொந்த எஞ்சினில் முதல்முறையாக நகர்ந்தது 2022 டிசம்பரில். அதற்குள் 5 லட்சத்து 40 ஆயிரம் போயிருந்தது, அதற்கப்புறம் நோட்டில் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். போர்டிகோ முழுசாகப் போய்விட்டது. வீட்டுக் கார் இன்றுவரை தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது, அதன் பெயிண்ட்டின் கதி காக்கைகளுக்குத்தான் தெரியும்.

நான் வண்டி கட்டுவது தெரிந்ததும் நிறையப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன எஞ்சின் போட்டிருக்கீங்க?" கட்ட ஆசைப்படுகிறவர்கள் கேட்பது, "என்ன எஞ்சின் போடலாம்?" நானும் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தேன். இந்த நாலரை வருஷத்தில் நான் அறுத்த, திரும்ப வெல்டிங் வைத்த, குப்பையில் போட்ட இரும்பில் முக்கால்வாசி அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான் என்று இப்போது தெரிகிறது. அதைத்தான் கொஞ்சம் விவரமாக எழுதப் பார்க்கிறேன். கட்டும் முறையைச் சொல்லித்தரும் கட்டுரை இல்லை இது. கட்டும்போது எது எதனால் கெட்டது என்ற பிரேத பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ரேஸ் கார் கட்டுகிறேன் என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, அதுவே முதல் ஆபத்து. 1980களின் கடைசியில் இதே ஊர்க்காரர் எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். பின்னாளில், 2005-ல், ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். செட்டிபாளையத்தில் இருக்கும் ட்ராக்குக்குக் கரிவர்தன் பெயர்தான். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்கு நாலு லேத் பட்டறை, பம்ப் செட்டுக்கு வார்ப்படம் போடுகிறவர்கள், கியர் வெட்டுகிறவர்கள், எல்லாமே பைக்கில் பதினைந்து நிமிஷ தூரம். "அவர் செய்யவில்லையா, நாமும் செய்வோம்" என்று தோன்றாமல் எப்படி இருக்கும்? அவர் ஒரு கார் செய்யவில்லை, ஒரே மாதிரி பல கார்கள் செய்தார் என்பதும், பல கார் செய்ய வேண்டுமென்றால் முதலில் வண்டியின் எலும்புக்கூடான இரும்புச் சட்டத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக் செய்தாக வேண்டும் என்பதும், அந்த ஜிக்தான் பாதி வேலை என்பதும் எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

இன்னொரு கதையும் எல்லோர் வாயிலும் வரும். லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 1948-ல் லண்டனில் தன் முதல் காரைக் காதலியின் பெற்றோர் வீட்டு கராஜில் கட்டினார் என்பது. உண்மைதான். ஆனால் அவர் ஆரம்பித்தது ஒரு பழைய ஆஸ்டின் செவனிலிருந்து. அதாவது சக்கரம், அச்சு, ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் ஏற்கனவே ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டி அவரிடம் இருந்தது, அவர் உடம்பை மாற்றினார், குறைகளைத் திருத்திக்கொண்டே போனார். காலித் தரையில் நாலு பைப்பை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதும் அதுவும் ஒன்றில்லை. நான் ஆரம்பித்தது காலித் தரையில்.

எஞ்சின் வந்தது

உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் பின்னால் அடிபட்ட மாருதி 800-ன் முன்பாதி கிடைத்தது. 18 ஆயிரம் ரூபாய். எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட், டிஸ்க் பிரேக், சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் நக்கிள், சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ஸ்டீயரிங் ராக் எல்லாம் சேர்த்து. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதுக்குள் குதிரைத்திறன். சிரிக்காதீர்கள், 650 கிலோ வண்டியை இழுத்த எஞ்சின் 430 கிலோ வண்டிக்குப் போதும், ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிக்கடை வரை கிடைக்கும், ஏதாவது ஆனால் தெருமுனை மெக்கானிக்கே பிரித்துப் பார்ப்பார். எஞ்சின் தேர்வில் இன்றும் எனக்குக் குறை இல்லை. அதை முதலில் வாங்கியதுதான் குறை.

ஏனென்றால் கையில் எஞ்சின் இருந்தால் அதைச் சுற்றித்தான் மூளை ஓடும். முன்சக்கர வண்டியின் எஞ்சினை அப்படியே தூக்கி ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின்சக்கர வண்டி ஆகிவிடும், இது பழைய உபாயம். ஆனால் கியர் மாற்றும் தண்டு கியர்பாக்ஸின் பின்பக்கமாக வெளியே வருகிறது, உங்கள் கையோ முன்னால் இருக்கிறது. எஞ்சினை அப்படியே 180 டிகிரி திருப்பிவிட்டால் தண்டு முன்பக்கம் வந்துவிடும் என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது வலது கையைச் சக்கரம் மாதிரி சுற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது: அப்படித் திருப்பினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டு. "ஏங்க, சாப்பாட்டை வெச்சுட்டு என்ன பண்றீங்க?" என்று கேட்டாள் மனைவி. கடைசியில் தண்டைப் பின்பக்கமாக வெளியே எடுத்து, கியர்பாக்ஸைச் சுற்றி யூ வளைவில் முன்னால் கொண்டுவந்து, நடுவில் நாலு மூட்டு வைத்தேன். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம். அது நாலும் சேர்ந்து லீவர் நுனியில் ஒரு சாண் ஆட்டமாக வருகிறது. இரண்டாவது கியர் என்பது இன்றைக்கும் ஒரு நம்பிக்கைதான்.

இப்படி எஞ்சின் உட்காரும் இடம், கியர் தண்டு, பெட்ரோல் டேங்க் என்று எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதத்தில் டயரைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. மாருதியின் 12 அங்குல ரிம் இருக்கிறதே, 145/70 டயர் இருக்கிறதே, போதாதா என்று விட்டுவிட்டேன். இதன் விலை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் எனக்கே எழுதும் தெம்பு போய்விடும்.

வாட்டம்

சட்டத்துக்கு ஒரு அங்குலச் சதுர பைப், 1.6 மி.மீ. கனம். முறைப்படி என்றால் கனமான தட்டையான இரும்பு மேசை செய்து, அதன்மேல் முளைகள் வெல்டிங் வைத்து, பைப்புகளை அதில் பிடித்துக்கொண்டு சேர்க்க வேண்டும். அந்த மேசைக்கு மட்டும் 45 ஆயிரம் சொன்னார்கள். ஒரு வண்டிக்கு எதற்கு மேசை, போர்டிகோ டைல்ஸ் தரை கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று முடிவு செய்தேன்.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், போர்டிகோ தரைக்குக் கொத்தனார் வாட்டம் வைப்பார். மழைத்தண்ணீர் வாசல் பக்கம் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் வாட்டம் வாசல் பக்கமும் இருக்கிறது, வலது மூலையில் இருக்கும் தண்ணீர்க்குழி பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. எனக்கும் அது தெரியும், வருஷா வருஷம் ஐப்பசி மழையில் அந்த மூலையில்தான் இலை அடைத்துக்கொள்ளும். தெரிந்தும் என்ன செய்தேன் என்றால், முன்பக்கச் சட்டத்தின் உயரத்தைத் தரையிலிருந்து டேப் வைத்து அளந்து நிறுத்தினேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் கழித்துப் பின்பக்கச் சட்டத்தை நிறுத்தும்போது, சரியாக இருக்கட்டும் என்று ரசமட்டம் வைத்து நிறுத்தினேன். தரை முழுக்க ஒரே சாய்வாக இருந்து, எல்லாவற்றையும் தரையிலிருந்தே அளந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது, வண்டிக்குப் பூமி எந்தப் பக்கம் என்று கவலையில்லை. எல்லாவற்றையும் ரசமட்டத்தில் வைத்திருந்தாலும் சரியாகியிருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டையும் கலந்ததால் சட்டம் பிறக்கும்போதே முறுக்கிக்கொண்டு பிறந்தது. ஈரத்துண்டைப் பிழிவதற்கு முன் லேசாக ஒரு திருப்பு திருப்புவோமே, அப்படி. மூலைக்கு மூலை பார்த்தால் 9 மி.மீ.

வெல்டிங் வேறு சேர்ந்துகொண்டது. புள்ளிப் புள்ளியாக டேக் வைத்திருக்கும்வரை எதையும் தட்டி நேராக்கலாம். முழு வெல்டிங் ஓட்டினால் உலோகம் ஆறும்போது இழுக்கும், வெல்டிங் எந்தப் பக்கம் வைத்தோமோ அந்தப் பக்கம் பைப் சாயும். அதனால்தான் இங்கே ஒரு அங்குலம், எதிர்மூலையில் ஒரு அங்குலம் என்று மாறி மாறி வைக்கச் சொல்வார்கள். எனக்கு வெல்டிங் வைத்துக்கொடுத்த அண்ணன் கேட் கிரில் போடுவதில் கெட்டிக்காரர். "ஏனுங்ணா, மாத்தி மாத்தி வெக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "தம்பி, ராத்திரிக்குள்ள முடிச்சுத் தரணுமா வேண்டாமா?" என்றார். வேண்டும் என்றேன். கேட்டது அவர், தலையாட்டியது நான்.

இதில் கொடுமை என்னவென்றால், முறுக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் தெரியவில்லை. 2021-ல் வண்டி நாலு காலில் நின்றபிறகு, நாலு பாத்ரூம் எடைக்கருவியை வாங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் வைத்துப் பார்த்தேன். முன் இடது 97, முன் வலது 71, பின் இடது 118, பின் வலது 146. கூட்டினால் 432 கிலோ, அதில் ஒரு குறுக்கு ஜோடி 243, மற்றது 189. ஓட்டுநர் இல்லாத வண்டியில் இவ்வளவு வித்தியாசம் இருக்கவே கூடாது. நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருந்தால் எப்படியோ அப்படி. அன்றைக்கே சட்டத்தைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் ஸ்பிரிங் தட்டைத் திருகி ஒரு மூலையைத் தூக்கி, எடையைச் சமமாக்கிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஐஸில் வைத்த மாதிரி. அதன் பலனை முதல் ஓட்டத்தில் பார்த்தேன்: இடது வளைவில் பின்பக்கம் வாலாட்டுகிறது, வலது வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறது. ஒரே வண்டி, இரண்டு குணம்.

ராக், நாலு மாதம், 18 மில்லிமீட்டர்

இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது இங்கேதான், கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

முன்சக்கரம் மேலே கீழே போகும்போது, ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்வதை பம்ப் ஸ்டீயர் என்பார்கள். சாலைக் காரில் கொஞ்சம் இருந்தாலும் தெரியாது. ரேஸ் காரில் பிரேக் பிடித்து மூக்கு தாழும்போது இரண்டு சக்கரமும் தானாக வெளிப்பக்கம் திரும்பினால், வளைவுக்குள் நுழைகிற நேரத்தில் வண்டி யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நெளியும். அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் ஒரு தட்டையான பலகையை போல்ட் செய்து, பலகையின் முன்நுனியிலும் பின்நுனியிலும் 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு டயல் கேஜ் வைத்து, ஜாக்கியால் 10 மி.மீ. 10 மி.மீ. ஆக ஹப்பைத் தூக்கிக்கொண்டே எழுதிக்கொள்ள வேண்டும். என் வண்டியில் 30 மி.மீ. தூக்கினால் இரண்டு கேஜுக்கும் 6 மி.மீ. வித்தியாசம் வந்தது. ஒரு டிகிரிக்கு மேல். அளந்து முடித்துவிட்டு வெகுநேரம் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காரணம் என்னவென்று கேட்டால், இந்த வேலை தெரிந்த யாரும் முதலில் சொல்வது ராக்கின் நீளம். மாருதி ராக் மாருதியின் ஸ்ட்ரட் சஸ்பென்ஷனுக்கு அளந்து செய்தது, நான் போட்டிருப்பதோ மேலும் கீழும் விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் V வடிவக் கை), ராக்கின் உள்மூட்டு விஷ்போனின் உள்மூட்டுகளைச் சேர்க்கும் கோட்டில் விழ வேண்டும், என்னுடையது அதைவிட்டு வெளியே 60 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. சரி, ராக்கைக் குறைக்க வேண்டும். ராக்கை வெட்டி நுனியில் மறுபடி மரை போடுவது சாதாரண வேலை இல்லை, ஸ்டீயரிங் கையோடு வந்துவிட்டால் உயிர் போகும் சமாச்சாரம். நல்ல பட்டறை தேடி, ஒருவர் ஒப்புக்கொண்டு, "செவ்வாக்கிழமை வாங்க தம்பி" என்றார். செவ்வாய்க்கிழமை போனால் கடை பூட்டு. அடுத்த செவ்வாய் போனால் மரை போடும் டேப் உடைந்துவிட்டது. அப்புறம் ஆயுத பூஜை, அப்புறம் தீபாவளி, அப்புறம் அவருடைய மச்சினன் கல்யாணம். நாலு மாதம். கடைசியில் ராக் கைக்கு வந்தது, வேலை என்னவோ அருமையாகச் செய்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

மாட்டி அளந்தால் 6 மி.மீ. இப்போது 5.

அன்றைக்குத்தான் எண்களைக் கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன், அதுவரை எண்ணாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டில் சாய்வாகப் போயின. நீளத்தில் பிழை இருந்தால் வரும் கோடு வளைந்து வரும், மேலே போனாலும் கீழே போனாலும் சக்கரம் ஒரே பக்கம் திரும்பும். உயரத்தில் பிழை இருந்தால்தான் நேர்க்கோடாகச் சாயும், மேலே போனால் ஒரு பக்கம், கீழே போனால் மறுபக்கம். என் ராக் இருக்க வேண்டிய இடத்துக்கு 18 மி.மீ. மேலே இருந்தது. ஏன் மேலே இருந்தது? அதற்கு அடியில் பிரேக் பெடல் இருந்தது, பெடலை முதலில் வெல்டிங் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் ராக்கை உட்கார வைத்திருந்தேன். 6 மில்லிமீட்டரில் 5 உயரத்தால் வந்தது, 1 நீளத்தால் வந்தது. நான் நாலு மாதம் காத்திருந்தது அந்த ஒரு மில்லிமீட்டருக்கு. பெடலை அறுத்துத் தள்ளி வைத்து ராக்கை இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது.

அந்த அளவு ராக்கை வெட்டக் கொடுப்பதற்கு முன்னாலேயே என் நோட்டில்தான் இருந்தது. புள்ளி வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மற்றவை

சிலது சுருக்கமாக. முன்பக்கத்திலும் மாருதியின் முன் நக்கிளையே போட்டேன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் கிடைக்கும் என்று. ஆனால் அந்த ஹப்பின் பேரிங்கை உள்ளே இறுக்கிப் பிடித்திருப்பதே டிரைவ் ஷாஃப்ட்டின் நுனிதான், ஷாஃப்ட் இல்லையென்றால் பேரிங் பிரிந்துவிடும். அதனால் இரண்டு பழைய ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட்டை வாங்கி, கிண்ணத்தை அறுத்தெறிந்துவிட்டு, பல்வெட்டிய குட்டைத் தண்டை மட்டும் மாட்டி நட்டு போட்டு இறுக்க வேண்டியிருந்தது. யாராவது இந்த வழியில் போனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஷாஃப்ட் இல்லாத வெறும் நக்கிளில் வண்டியைத் தரையில் இறக்கித் தள்ளினால்கூட பேரிங் போய்விடும். ஒரு ஜோடி எனக்குப் போனது.

வீட்டு மின்சாரம் சிங்கிள் ஃபேஸ். வெல்டிங் மெஷின் ஆர்க் பிடிக்கும்போதெல்லாம் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் டக்கென்று விழும், டிவி அணையும். சீரியல் நேரத்தில் வெல்டிங் கூடாது என்று எழுதாத சட்டம் வந்தது. கிரைண்டர் பொறி பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பட்டுச் சின்னச் சின்னப் புள்ளியாக உருகி ஒட்டிக்கொண்டது, துரு ஏறியபிறகுதான் தெரிந்தது, கண்ணாடி மாற்றிக்கொடுத்தேன். வெறும் சட்டமாக ஒன்பது மாதம் நின்றபோது அம்மா அதில் ஈரத்துணி காயப்போட ஆரம்பித்தார்கள். தரைத்தகடு அடித்தபிறகு அதில் வத்தல். "சும்மாதான கண்ணு நிக்குது" என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

ஃபைபர் உடம்பைப் பற்றி ஒன்று மட்டும். ரெசின் கெட்டியாவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும், ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. இது எனக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரல் மாத மத்தியானத்தில் டப்பாவில் எழுதிய அளவுக்கே ஹார்டனர் ஊற்றினால், பிரஷ்ஷை நனைப்பதற்குள் மக்கிலேயே ரெசின் புகைந்து கட்டியாகிவிடும் என்பது தெரிந்திருக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்ததுதான் நன்றாக வந்தது.

தலைக்கு மேலே வளையும் பாதுகாப்பு வளையம் மட்டும் கோபத்தில் சேர்க்க முடியாத விஷயம், அது என் சொந்தக் கஞ்சத்தனம். சர்வதேச விதிகள் முக்கிய வளையத்துக்குக் குளிர்நிலையில் இழுத்த தையல் இல்லாத குழாய் கேட்கின்றன, 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2. நான் சாதாரண ஈ.ஆர்.டபிள்யூ பைப்பை, நெடுக ஒரு வெல்டிங் தையல் ஓடுமே அதை, மணல் அடைத்துச் சூடாக்கி வளைத்தேன். வளைவில் பைப் முட்டை வடிவாகச் சப்பிவிட்டது. அதையும் பெயிண்ட் அடித்து மாட்டினேன். சொந்த வண்டியைப் பந்தயம் இல்லாமல் ட்ராக்கில் ஓட்டவிடும் ஒரு ட்ராக் டேக்கு எடுத்துப்போனபோது வண்டியைச் சோதித்தவர் விரலால் அந்த வளைவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கவுந்தா உங்க தலை எங்கிருக்கும்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். திருப்பி அனுப்பிவிட்டார். எடுத்துப்போன வாடகை வண்டிக்கு 4 ஆயிரம், அதுவும் குட்டியானையில் ஏறவில்லை, நீளம் பற்றவில்லை, 407 பிடிக்க வேண்டியிருந்தது. திரும்பும் வழியெல்லாம் டிரைவர், "ஏனுங்க, ஓடலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் சோதித்துத் திருப்பி அனுப்பியதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். புது வளையம் சீம்லெஸ் குழாயில், குழாய் சப்பாமல் இருக்க உள்ளே மாண்ட்ரல் என்ற அச்சுத்தண்டு போட்டு வளைக்கும் மெஷின் இருக்கும் இடத்தில் செய்தேன். 14 ஆயிரம். ஆரம்பத்திலேயே அதைச் செய்திருந்தால் வண்டிச்சத்தமாவது மிச்சம்.

இதை எங்கே ஓட்டுவது என்பதும் ஒரு தனிக் கவலை. சாலையில் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கே சுலபத்தில் இடம் கொடுப்பதில்லை, பதிவே இல்லாத வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. பந்தயம் என்று பார்த்தால், இங்கே ஒற்றை இருக்கைக் கார்களுக்கு நடப்பவை பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்ற போட்டிகள். வீட்டில் செய்த ஒரே ஒரு வண்டிக்கு அங்கே வரிசையில் இடம் கிடையாது. தனியாக ஓட்டி நேரம் பார்க்கும் நிகழ்ச்சிகள், ட்ராக் டே, அவ்வளவுதான். இதைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை, "முடியாது" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

டயர்

வளையம் மாற்றியபிறகு ஒருவழியாக ட்ராக்கில் இறங்கி 11 சுற்று ஓட்டினேன். மேலே சொன்ன இரண்டு குணமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: டயர் பிடிக்கவே இல்லை. பிடிக்காதுதான். 145/70, 12 அங்குலம், குடும்பத்தோடு மருதமலை போய்வரச் செய்த டயர். வருஷக்கணக்கில் தேயக்கூடாது என்று கெட்டியான ரப்பரில் செய்தது. 430 கிலோ வண்டிக்கு அதைச் சூடாக்கவே முடியவில்லை, 11 சுற்று முடிந்து கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது, பால் காய்ச்சி ஆறவைத்த சூடு.

சரி, ரேஸ் டயர் வாங்கலாம் என்று பார்த்தால், இங்கே ஃபார்முலா கார் ஓட்டுகிறவர்கள் கழித்துப்போடும், பள்ளக்கோடு இல்லாத ஸ்லிக் டயர்கள் எல்லாம் 13 அங்குல ரிம்முக்கு. 12-க்கு ஒன்றும் இல்லை. 13-ஐ வாங்கினேன், ஒரு அங்குலம்தானே. ஒரு அங்குலத்தில் என்னென்ன மாறியது என்றால்: விட்டம் கூடியதால் வண்டி 15 மி.மீ. உயர்ந்தது, அதைப் பழைய உயரத்துக்கு இறக்கினால் விஷ்போன்கள் மேல்நோக்கிச் சாய்ந்து நின்றன, ரிம் உள்ளே போகும் ஆழம் வேறு என்பதால் முழுக்கத் திருப்பும்போது ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு ரிம்மில் உரசியது, அதைத் தவிர்க்க ஸ்பேசர் போட்டால் சக்கரம் வெளியே தள்ளிப்போய் ஸ்டீயரிங் கனத்துப்போனது. நல்ல பிடிப்புள்ள டயர் போட்டதும் மேல் விஷ்போனின் பிராக்கெட் ஒன்று வளைந்தே விட்டது, அது கெட்டி ரப்பருக்குத் தகுந்த பலத்தில் செய்தது.

அப்போதுதான் எல்லாம் ஒரே சங்கிலி என்று தெரிந்தது. டயர் எது என்று தெரிந்தால் ரிம் தெரியும், ரிம்முக்குள் எவ்வளவு இடம் என்று தெரிந்தால் நக்கிளும் மூட்டும் எங்கே உட்காரும் என்று தெரியும், அதிலிருந்து விஷ்போனின் நீளம், விஷ்போனின் உள்மூட்டிலிருந்து ராக்கின் உயரம், அதற்கு அடியிலோ மேலோ பெடல், இவ்வளவும் காற்றில் புள்ளிகளாக நின்றபிறகு அந்தப் புள்ளிகளைச் சேர்க்கும் பைப்புகள்தான் சட்டம். எஞ்சின் சட்டத்துக்குள் கடைசியாக வந்து உட்கார வேண்டியது. நான் வாலைப் பிடித்துக்கொண்டு மாட்டை உள்ளே ஓட்டியிருக்கிறேன்.

போன வைகாசியில் சட்டத்தை எஞ்சின் அறைக்கு முன்னால் குறுக்காக அறுத்தேன். பின்பாதி அப்படியே இருக்கிறது, முன்பாதி புதுசு. இந்தத் தடவை 45 ஆயிரம் மேசைக்குப் பதிலாக, ஒரு மூடிப்போன மில்லின் சாமான் ஏலத்தில் பழைய வார்ப்பிரும்பு மெஷின் படுகை ஒன்று 11 ஆயிரத்துக்குக் கிடைத்தது, போர்டிகோவில் அதை இறக்க எட்டு பேர் வேண்டியிருந்தது. தரையில் இருந்து எதையும் அளப்பதில்லை, எல்லா அளவும் அந்தப் படுகையில் கீறிய ஒரே கோட்டிலிருந்துதான். டயரும் ரிம்மும் முதலில் வந்து படுகைக்கு இரண்டு பக்கமும் கட்டையில் நிற்கின்றன, வண்டி இன்னும் இல்லை. அம்மாவுக்குத் துணி காயப்போட இடம் இல்லாமல் போனதில் வருத்தம்.

13 அங்குலத்துக்கு ஏற்ற புது நக்கிளுக்கு மேல்மூட்டுப் பிராக்கெட் நாலும் ராக்கை வெட்டிக்கொடுத்த அதே பட்டறையில்தான் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். எந்தச் செவ்வாய் என்று நான் கேட்கவில்லை.